மூன்று வாசகங்களையும் ஒரே முடிச்சில் கட்ட வேண்டாம்

கேள்வி: எங்களுடையது திண்டுக்கல் பக்கம் ஒரு கிளைக் கிராமம். பங்குத்தந்தை மாதம் ஒரு ஞாயிறுதான் வருகிறார். மற்ற ஞாயிறுகளில் திருப்பலி இல்லாத இறைவாக்கு வழிபாட்டை நடத்தி, பத்து நிமிடம் பேசும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார். நான் கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன், இறையியல் படித்ததில்லை. அன்று வாசிக்கும் மூன்று விவிலியப் பகுதிகளான முதல் வாசகம், இரண்டாம் வாசகம், நற்செய்தி ஆகியவற்றுக்குள் என்ன தொடர்பு என்று தேடியே சனிக்கிழமை இரவு தூக்கம் போய்விடுகிறது. 52 ஞாயிறுகளுக்கும் தயாரான மறையுரைகளை 1,500 ரூபாய்க்குத் தருவதாக ஒருவர் வந்து சொன்னார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் விஷயத்தைப் பார்ப்போம்.

கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, 1969இல் வந்த வாசக ஒழுங்கைத்தான் நாம் பின்பற்றுகிறோம். முதல் ஆண்டு மத்தேயு, இரண்டாம் ஆண்டு மாற்கு, மூன்றாம் ஆண்டு லூக்கா என்று மூன்று ஆண்டுச் சுழற்சி அது. பெருவிழாக் காலங்கள் அல்லாத பொதுக்கால ஞாயிறுகளில் முதல் வாசகத்தை நற்செய்திக்குப் பொருத்தமாகத் தேர்ந்து வைத்திருக்கிறார்கள். இரண்டாம் வாசகம் அப்படியல்ல. அது ஒரு திருமுகத்தை, அதாவது திருத்தூதர் எழுதிய கடிதத்தை, வாரந்தோறும் தொடர்ந்து வாசித்துக்கொண்டு தன் வழியில் போகும். முதல் ஆண்டில் 9ஆம் ஞாயிறு முதல் 24ஆம் ஞாயிறு வரை உரோமையர் திருமுகம் வருவது இப்படித்தான். இல்லாத தொடர்பைத் தேடித்தான் நீங்கள் இரவெல்லாம் விழித்திருக்கிறீர்கள். முதல் வாசகத்தையும் நற்செய்தியையும் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வாசகத்தைப் பயபக்தியோடு வாசித்துவிட்டு விட்டுவிடுங்கள். கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய திருவருகைக்காலத்திலும் உயிர்ப்பு விழாவுக்கு முந்தைய தவக்காலத்திலும் மூன்றும் ஒரே திசையில் பார்க்கும். அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஓர் எடுத்துக்காட்டு. முதல் ஆண்டின் 15ஆம் ஞாயிறு ஜூலை நடுவில் வரும். நற்செய்தி மத்தேயு 13, விதைப்பவர் உவமை: பாதையிலும் பாறையிலும் முள்ளிலும் நல்ல நிலத்திலும் விழும் விதைகள், இறைவார்த்தையைக் கேட்கும் உள்ளங்களைக் குறிக்கின்றன. முதல் வாசகம் எசாயா 55: வானிலிருந்து இறங்கும் மழை நிலத்தை நனைத்து, விதைப்பவனுக்கு விதையும் உண்பவனுக்கு உணவும் கொடுக்காமல் திரும்பிப் போவதில்லை என்கிறார் இறைவாக்கினர். பதிலுரைப் பாடலும் நிலவளத்தைப் பற்றியதே. உங்கள் ஊரிலோ அது ஆடிப்பட்டத்துக்கு விதை பார்க்கும் நேரம். இதைவிட என்ன வேண்டும்?

முந்தைய ஞாயிறு மாலையே அடுத்த வார நற்செய்தியை வாய்விட்டு இருமுறை வாசியுங்கள். உங்களுக்கு எந்த இடம் உறுத்துகிறதோ அதை ஒரு தாளில் எழுதுங்கள். விளக்கவுரைப் புத்தகத்தை வியாழக்கிழமைக்கு முன்பு தொடாதீர்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு என் விவிலிய வகுப்பில் இதே உவமையை வாசித்தோம். கடலைக் காட்டில் கூலி வேலை செய்யும் ஓர் அம்மா கையைத் தூக்கி, “விதைக்கடலை விற்கிற விலைக்கு இவர் ஏன் பாதையிலும் பாறையிலும் இறைத்துக்கொண்டு போகிறார்?” என்று கேட்டார். வகுப்பு முழுவதும் அமைதியாகிவிட்டது. அன்று நான் எழுதிக் கொண்டுபோயிருந்த மூன்று பக்கத்தையும் மடித்து வைத்துவிட்டேன். முளைக்காது என்று தெரிந்த இடத்திலும் கை சுருக்காமல் வீசுகிறார் கடவுள். அந்தக் கேள்வி நேராக அங்கேதான் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இப்படி ஒரு கேள்வி கிடைத்தால் பத்து நிமிடத்துக்கு அது தாராளம்.

இனி அந்த 1,500 ரூபாய் விஷயம். இவர்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். எங்கிருந்தோ எடுத்த பழைய குறிப்புகளுக்குப் புது அட்டை போட்டு, தேதியை மட்டும் மாற்றி விற்கிறார்கள். ஆண்டுச் சுழற்சியே மாறியிருக்கும். நீங்கள் மத்தேயுவை வாசித்துவிட்டு லூக்காவுக்கு எழுதிய உரையைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். எந்த ஆண்டு என்று நீங்களே கணக்குப் போடலாம். ஆண்டின் எண்ணை மூன்றால் வகுங்கள். மீதி ஒன்று வந்தால் மத்தேயு, இரண்டு வந்தால் மாற்கு, மீதியே இல்லையென்றால் லூக்கா. 2026ஐ வகுத்தால் மீதி ஒன்று, ஆக மத்தேயு. திருவருகைக்கால முதல் ஞாயிறு வந்துவிட்டால் அடுத்த ஆண்டின் எண்ணைக் கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இதைவிடக் கெடுதல், அந்தக் குறிப்புகளில் வரும் கதைகள். கழுகு நாற்பது வயதில் மலை உச்சிக்குப் போய், அலகைப் பாறையில் அடித்து உடைத்து, புது அலகு முளைத்து இளமையாகிறதாம். அலகில்லாத கழுகு இரை தின்ன முடியாமல் செத்துப்போகும். அப்படி எந்தக் கழுகும் செய்வதில்லை. செல்வர் இறையாட்சிக்குள் நுழைவதைவிட ஊசியின் காதில் ஒட்டகம் நுழைவது எளிது என்றார் இயேசு. அந்த ‘ஊசியின் காது’ என்பது எருசலேமில் இருந்த ஒரு குறுகிய வாயில் என்பார்கள். அப்படியொரு வாயில் இருந்ததற்குச் சான்றே கிடையாது. செல்வர்களுக்கு இயேசு சொன்ன கடுமையான வார்த்தையைக் கொஞ்சம் வளைத்துக் கொடுக்கத்தான் அந்த வாயில் உதவுகிறது. பீடத்தில் நின்று பொய்யைச் சொல்லிவிட்டு ‘இது ஆண்டவரின் அருள்வாக்கு’ என்று எப்படிச் சொல்வது? வாட்ஸ்அப்பில் வரும் பிடிஎஃப்களும் இந்த வகைதான். இரண்டு நாள் முகாம் நடத்திச் சான்றிதழ் கொடுத்துப் பணம் வாங்குபவர்களையும் நம்ப வேண்டாம். அந்தச் சான்றிதழால் உங்களுக்கு எந்த உரிமையும் வந்துவிடாது.

திருப்பலிக்குள் மறையுரை அருள்பணியாளருக்கும் திருத்தொண்டருக்கும் மட்டுமே உரியது என்கிறது திருச்சபைச் சட்டம் 767. நீங்கள் பேசுவது திருப்பலிக்கு வெளியே. அதற்கும் பங்குத்தந்தையின் வாய்வார்த்தை போதாது, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நாளை அவர் மாறிப்போனால் யார் உங்களைப் பேசச் சொன்னது என்று கேட்பார்கள்.

இந்த வியாபாரம் நடக்க இடம் கொடுத்ததே நம் நிர்வாகம்தான். ஒலிபெருக்கி வாங்கப் பணம் இருக்கிறது. கிளைக் கிராமத்துக்கு ஒரு நல்ல விளக்கவுரை வாங்கிக் கொடுக்கப் பணம் இல்லை. பயிற்சி வகுப்பை வாரநாளில் நகரத்தில் வைக்கிறார்கள். கூலியை இழந்து, பஸ் பிடித்து, எந்த உபதேசியார் போவார்? ஆண்டுக்கணக்கில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. நீங்களாவது பங்குப்பேரவையில் இதைக் கேளுங்கள்.

இரண்டாம் வாசகத்தை விட்டுவிடுங்கள் என்றேன் அல்லவா, அதற்கு ஒரு விலக்கு இருக்கிறது. அதே 15ஆம் ஞாயிறு. ஆனால் அந்த ஆண்டு மழை பொய்த்து, விதைத்ததெல்லாம் மண்ணிலேயே கருகிவிட்டது என்று வையுங்கள். மழை வெறுமனே திரும்பிப் போவதில்லை என்று எசாயாவை வாசிக்கிறீர்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் நகையை அடகு வைத்து விதை வாங்கியவர். அவரிடம் போய் ‘உன் உள்ளம் பாறை நிலம்’ என்று பேசுவது கொடுமை. அன்று மட்டும் இரண்டாம் வாசகத்துக்கு வாருங்கள். உரோமையர் 8ஆம் அதிகாரம் அது. படைப்பு முழுவதும் பிரசவ வேதனையில் தவிக்கிறது, நாமும் உள்ளுக்குள் பெருமூச்சு விடுகிறோம் என்கிறார் பவுல். காய்ந்த காட்டை அறிந்தவர் எழுதியதுபோல இருக்கும். அந்தப் பகுதியை மெதுவாக இரண்டாம் முறை வாசியுங்கள். மூன்று நிமிடத்துக்கு மேல் பேச வேண்டாம். கருகியது அவர்கள் குற்றமல்ல என்பதை மட்டும் தெளிவாகச் சொல்லிவிட்டு மன்றாட்டுக்குப் போய்விடுங்கள். மழைக்கான மன்றாட்டை நீங்கள் சொல்லாமல், விதையை இழந்தவர்களில் ஒருவரைச் சொல்லச் சொல்லுங்கள். சனிக்கிழமையே அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டு வைத்துவிடுங்கள்.