வட்டி கூட என்று காசை ஊருக்கு அனுப்பலாமா?

தம்பி, 2024 இல் ரொறன்ரோவுக்கு வந்து அதற்குள் 12,000 டொலர் மிச்சம் பிடித்திருக்கிறீர்கள். வாடகையும் கட்டி வீட்டுக்கும் அனுப்பி இவ்வளவு சேர்ப்பது பெரிய விஷயம். இங்கே வங்கியில் வட்டியே விழுவதில்லை, யாழ்ப்பாணத்தில் நிலையான வைப்பில் போட்டால் கூட வரும் என்று மாமா சொல்கிறார், அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தீர்கள்.

அனுப்ப வேண்டாம் என்பதுதான் என் பதில்.

வட்டியைப் பார்க்கும்போது விலைவாசி எவ்வளவு ஏறுகிறது என்பதையும் கழித்துப் பார்க்க வேண்டும். 2022 ஜூனில் கனடாவில் விலைவாசி ஒரே வருடத்தில் 8.1 சதவீதம் ஏறியிருந்தது. வட்டியில்லாமல் கிடந்த 10,000 டொலருக்கு, முந்தைய வருடம் 9,250 டொலருக்கு வாங்கக்கூடியதாக இருந்த சாமான்தான் கிடைத்தது. கனடா மத்திய வங்கி 2022 மார்ச்சில் தன் வட்டியை 0.25 சதவீதத்திலிருந்து ஏற்றத் தொடங்கி, 2023 ஜூலைக்குள் 5 சதவீதமாக்கியது. அந்த வருட முடிவில் விலைவாசி ஏற்றம் 3.4 சதவீதத்துக்கு இறங்க, 5 சதவீதம் தந்த ஜிஐசியில் (GIC, இங்கத்தைய நிலையான வைப்பு) போட்டவர்களுக்குக் கொஞ்சம் மிஞ்சியது. அதிலும் வட்டிக்கு வரி உண்டு.

ஊரில் போட்டால் இன்னொன்றையும் கழிக்க வேண்டும்: ரூபாயின் பெறுமதி. 2022 தொடக்கத்தில் ஒரு அமெரிக்க டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது, மே மாதம் 360. 10,000 அமெரிக்க டொலரை 20 இலட்சமாக மாற்றி, 10 சதவீத வட்டியே கிடைத்திருந்தாலும், 22 இலட்சத்தைத் திரும்ப மாற்றினால் 6,100 டொலர்தான். ஊரிலேயே செலவழிக்கலாம் என்றால், அந்தச் செப்டெம்பரில் கொழும்பு விலைவாசி ஏற்றம் கிட்டத்தட்ட 70 சதவீதம். அதன் பிறகு 20 சதவீதத்துக்கு மேல் வட்டி கிடைத்தபோது போட்டவர்களுக்கு நல்ல இலாபம், உண்மைதான். விலைவாசி அவ்வளவு வேகமாக இறங்கும் என்று அன்றைக்கு யாரால் சொல்லியிருக்க முடியும்? நீங்கள் வாடகை கட்டப்போவதும் வீடு வாங்கப்போவதும் டொலரில். அந்தக் காசு டொலரிலேயே இருக்கட்டும். அம்மாவின் செலவுக்கு அனுப்புவது வேறு கணக்கு, அதை இதோடு கலக்காதீர்கள்.

சரி, இங்கே எங்கே போடுவது? முதலில் ரிஎஃப்எஸ்ஏ (TFSA) என்ற வரியில்லாச் சேமிப்புக் கணக்கைத் திறவுங்கள். அதற்குள் வரும் வட்டிக்கு வரி இல்லை. ஒவ்வொரு வருடத்துக்கும் இவ்வளவுதான் போடலாம் என்று வரம்பு உண்டு. 2024க்கு 7,000, 2025க்கு 7,000 என்று உங்கள் முழுக் காசும் அதில் அடங்கும். 2009 இலிருந்து சேர்ந்த பெரிய வரம்பை யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது அப்போதே இங்கே இருந்தவர்களுக்கு. வரம்பு மீறினால் மீறிய தொகைக்கு மாதம் 1 சதவீதம் தண்டம்.

மூன்று நாலு மாதச் செலவை எடுக்கக்கூடிய மாதிரி வைத்துக்கொண்டு, மிச்சத்தை அந்தக் கணக்குக்குள்ளேயே ஒரு வருட ஜிஐசியில் போடுங்கள். புதிதாக வந்தவர்களுக்கு என்று சில வங்கிகள் கூடுதல் வட்டி காட்டும். அது எத்தனை மாதத்துக்கு, அதன் பிறகு எவ்வளவு என்று கேட்டுவிட்டே கையெழுத்துப் போடுங்கள்.