பைபாட் மாட்டினதும் குரூப் கெட்டுப்போச்சா? புதுசு வாங்க ஓடாதீங்க

கேள்வி: சார், கிளப் ரேஞ்ச்ல 100 மீட்டர்ல .308 ரைஃபிள் சுடறேன். மணல் மூட்டை மேல வச்சு சுட்டப்போ குரூப் (குண்டுங்க சேர்ந்து விழற கூட்டம்) நல்லா இருந்துச்சு. பைபாட் (ரைஃபிளோட முன்பக்கம் மாட்டற ரெண்டு கால் ஸ்டாண்டு) மாட்டினதுல இருந்து மேலயும் கீழயுமா சிதறுது, ஒவ்வொரு ஷாட்டுக்கும் ரைஃபிள் துள்ளி இடது பக்கம் போய் நிக்குது. கடைக்காரர் கார்பன் ஃபைபர் பைபாட் போட்டா சரியாயிடும்ங்கறார். வாங்கலாமா?

பதில்: வேணாம், காசை உள்ள வைங்க. கார்பன் ஃபைபர் எடையைக் குறைக்கும், அவ்வளவுதான். எஃப்-டிஆர்னு பைபாட் வச்சு தூரத்துல சுடற போட்டிக்காரங்க ரைஃபிள், ஸ்கோப், பைபாட் எல்லாத்தையும் 8.25 கிலோவுக்குள்ள அடக்கணும், அவங்களுக்கு ஒவ்வொரு கிராமும் முக்கியம். உங்களுக்கு எதுக்குங்க?

மேல-கீழ சிதறுதுன்னா முதல்ல சந்தேகப்பட வேண்டியது பின் பக்கத்தை. பைபாட் முன்பாரத்தைத்தான் தாங்கும், பட், அதாவது தோள்ல படற பின்முனை, அதைத் தாங்கறது உங்க தோளும் கையும், அது மூச்சுக்கு மூச்சு ஆடும். பைபாட்டுல இருந்து பட் வரைக்கும் 60 சென்டிமீட்டர்னு வச்சுக்கங்க, பட் 1 மில்லிமீட்டர் இறங்கினா 100 மீட்டர்ல குண்டு 16 சென்டிமீட்டருக்கு மேல ஏறிடும். பட்டுக்கு அடியில ஒரு சின்னப் பை வைங்க, பழைய சாக்ஸ்ல மணல் ரொப்பிக் கட்டினாலே போதும். இடது கையை முன்னாடி நீட்டாம மடக்கி அந்தப் பையைப் பிடிங்க. அழுத்தினா பட் ஏறும், கிராஸ்ஹேர் (ஸ்கோப்ல தெரியற குறுக்குக்கோடு) இறங்கும், விட்டா திரும்ப ஏறும். கிராஸ்ஹேர் புள்ளியில வந்ததும் கையை அப்படியே வச்சுட்டு ட்ரிகரை இழுங்க, குண்டு போனப்புறமும் உடனே தளர்த்தாதீங்க.

அடுத்தது துள்ளி ஓரமா போறது. நீங்க ரைஃபிளுக்குச் சாய்வா படுக்கறீங்க, எனக்கு அதுல சந்தேகமே இல்ல, ஏன்னா கிளப்ல ஸ்லிங் (கையில மாட்டற வார்) மாட்டிப் படுக்கிற பாடத்தையே எல்லாருக்கும் நடத்தறாங்க. ஐஎஸ்எஸ்எஃப்ங்கற உலக துப்பாக்கிச் சுடும் சங்கத்தோட ப்ரோன், அதாவது படுத்துச் சுடற போட்டியில பைபாட்டுக்கு அனுமதியே கிடையாது, அங்க அந்தச் சாய்வு சரி, ஆனா பைபாட்டோட வர்றவனுக்கும் அதையே சொல்லிக்குடுத்துட்டு "பிராக்டிஸ் பண்ணா வந்துரும்"னு லேனை காலி பண்ணச் சொன்னா எப்படி வரும், சொல்லிக்குடுக்க யாருக்கும் பொறுமை இல்ல, கட்டணம் வாங்க மட்டும் பொறுமை இருக்கு. ரீகாயில் (சுடறப்போ வர்ற பின்னுதைப்பு) நேரா பின்னாடி வரும், அங்க உடம்பு இல்லன்னா எந்தப் பக்கம் தடை இல்லையோ அந்தப் பக்கம் ஓடும். அதனால பேரலுக்கு (குழலுக்கு) நேர் பின்னாடி முதுகெலும்பு வர்ற மாதிரி படுங்க, பைபாட் காலை முடிஞ்ச அளவு குட்டையா வைங்க, தோளால லேசா முன்னாடி சாய்ஞ்சு காலோட தொளதொளப்பு போற வரைக்கும் மட்டும் தள்ளுங்க. எவ்வளவு தள்ளறீங்கங்கறதை விட ஒவ்வொரு தடவையும் ஒரே அளவா தள்ளறீங்களாங்கறதுதான் விஷயம். அடியில வெறும் கான்கிரீட்டா இருந்தா கால் வழுக்கும், எகிறும், பாய் மாதிரி ஒரு மேட் விரிங்க. சேம்பர் (குண்டு உக்கார்ற அறை) காலின்னு ரெண்டு தடவை பார்த்துட்டு, குண்டு இல்லாம ட்ரை ஃபயர் பண்ணிப் பாருங்க, ட்ரிகர் விழறப்போ கிராஸ்ஹேர் குதிச்சா இன்னும் எங்கயோ இழுத்துப் பிடிக்கறீங்க.

இந்தத் தள்ளற வேலையை ஸ்ப்ரிங் ஏர் ரைஃபிள்ல மட்டும் செய்யாதீங்க. உங்ககிட்ட அது இல்லதான், ஆனா இதைப் படிச்சுட்டு நாளைக்கே யாராவது செய்வாங்க. அதுல பெல்லட் வெளிய வர்றதுக்கு முன்னாடியே உள்ள பிஸ்டன் ஓடி ரைஃபிளை ஒரு தரம் பின்னாடியும் ஒரு தரம் முன்னாடியும் உலுக்கிடும், இறுக்கிப் பிடிச்சா அந்த உலுக்கல் தடவைக்குத் தடவை மாறும். உள்ளங்கை மேல சும்மா கிடக்கணும் அது. பைபாட்டே வேணாம். "ஏர் ரைஃபிள் ஸ்பெஷல் பைபாட்"னு கூடவே கட்டி விக்கறாங்க பாருங்க, வாங்கினவன் ரைஃபிளையே குறை சொல்லிட்டுத் திரியறான். முன்னாடியே அழுத்தி நிரப்பின காத்துல சுடற பிசிபி ஏர் ரைஃபிளுக்கு இந்தப் பிரச்சனை இல்ல, அதுல பைபாட் ஓகே.

கடைக்காரர் சொல்லாத சமாச்சாரம் ஒண்ணு இருக்கு. உங்க ஸ்டாக் (பேரல் உக்கார்ற சட்டம்) பிளாஸ்டிக்னா, பைபாட்டை மாட்டி தோளால தள்ளறப்போ முன்பகுதி வளைஞ்சு பேரல்ல தொடலாம், தொட்டா குண்டு போற இடமே மாறிடும். ஒரு துண்டு பேப்பரை பேரலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவுல விட்டு இழுத்துப் பாருங்க, அப்புறம் இன்னொருத்தரை அதே மாதிரி இழுக்கச் சொல்லிட்டு நீங்க படுத்துத் தள்ளுங்க. தள்ளினப்போ பேப்பர் மாட்டிக்கிச்சுன்னா எத்தனை விலைக்கு பைபாட் வாங்கினாலும் இதே கதைதான், ஸ்டாக்கைத்தான் பார்க்கணும்.

செகண்ட் ஹேண்ட்ல பிடிச்சுத் தரேன்னு நடுவுல ஒருத்தர் வருவார், அவர்கிட்ட இன்னும் ஜாக்கிரதை. பேர் போன பைபாட்டோட காப்பியைத் தலையில கட்டிட்டு, அது உங்க ஸ்டாக்ல உக்காரலைன்னா ஒரு அடாப்டர், அதுக்கு மேல சட்டுன்னு கழட்டற குயிக் ரிலீஸ்னு இன்னொண்ணு விப்பார். ஒவ்வொரு ஜாயின்ட்டும் ஒரு ஆட்டம். வாங்கறதுக்கு முன்னாடி காலை விரிச்சு லாக் பண்ணிட்டு கையால முறுக்கிப் பாருங்க, கடகடன்னு சத்தம் வந்தா அங்கயே வச்சுட்டு வந்துருங்க.

இப்ப இருக்கிற பைபாட்டோடயே பையை வச்சு, நேரா படுத்து, அதே அம்யூனிஷன்ல 5 ரவுண்டு போடுங்க. சிதறல் அப்பவும் குறையலைன்னா பேப்பர் டெஸ்ட்ல என்ன வந்துச்சுன்னு சேர்த்து எழுதுங்க.