பக்கத்துத் தெருவில் தண்டனைக் கைதி: போலீஸ் கொடுத்த தாளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கேள்வி: நியூ ஜெர்சி, மிடில்செக்ஸ் கவுன்ட்டியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் போலீஸ்காரர் ஒருவர் கதவைத் தட்டி ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். சிறுமியிடம் பாலியல் குற்றம் செய்து தண்டனை பெற்ற ஒருவர் பக்கத்துத் தெருவில் குடிவந்திருக்கிறாராம். படம், முகவரி, கார் எண் எல்லாம் அதில் இருக்கின்றன. இப்படிப்பட்டவரை எதற்கு வெளியே விட்டார்கள்? தாளைப் படமெடுத்து எங்கள் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் போடலாமா? வீட்டை மாற்றிவிடலாம் என்கிறார் கணவர். தினமும் மகளைப் பஸ் ஏற்றிவிடுவது ஊரிலிருந்து வந்திருக்கும் என் அம்மா. அவரிடம் சொல்லவே பயமாக இருக்கிறது.

பதில்: வாட்ஸ்அப்பில் போட வேண்டாம், அம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். காரணங்களுக்குப் பிறகு வருகிறேன். முதலில் உங்கள் கோபமான கேள்வியை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அந்தத் தாள் பிறந்ததே அந்தக் கேள்வியில்தான்.

உங்களுக்குப் பக்கத்து கவுன்ட்டியான மெர்சரில் ஹாமில்டன் என்ற டவுன்ஷிப் இருக்கிறது. 1994 ஜூலை 29 அன்று அங்கே மேகன் கான்கா என்ற 7 வயதுச் சிறுமி கொல்லப்பட்டாள். நாய்க்குட்டி காட்டுகிறேன் என்று அவளை வீட்டுக்குள் கூப்பிட்டவன் அதே தெருவில் எதிர்ப்பக்கம் குடியிருந்த ஜெஸ்ஸி டிமெண்டிக்வாஸ். அவனுக்கு அதற்கு முன்பே இரண்டு தண்டனைகள். இரண்டுமே சிறுமிகளிடம் செய்த குற்றத்துக்கு. முதல் வழக்கில் சிறுமிக்கு வயது 5. சிகிச்சைக்குப் போக வேண்டும் என்ற நிபந்தனையோடு அப்போது தண்டனையை நிறுத்தி வைத்தார்கள். அவன் சிகிச்சைக்குப் போகவில்லை, சில மாதங்கள் உள்ளே இருந்தான். 1981-இல் 7 வயதுச் சிறுமியைத் தாக்கிய வழக்கில் 10 ஆண்டு போட்டு, பாலியல் குற்றவாளிகளுக்கென்றே ஏவனெலில் இருக்கும் சிறைக்கு அனுப்பினார்கள். 1988-இல் வெளியே வந்துவிட்டான். ஹாமில்டன் வீட்டில் அவனோடு தங்கியிருந்த இரண்டு பேரும் ஏவனெலில் பழக்கமானவர்கள்தான். தெருவில் ஒரு பெற்றோருக்கும் இது தெரியாது.

10 ஆண்டு எப்படி ஏழுக்கும் குறைவாக ஆனது? யாரும் லஞ்சம் வாங்கவில்லை, கணக்கும் தப்பாகவில்லை. அன்றைய சட்டம் அப்படி. நீதிபதி 10 ஆண்டு என்று வாசிப்பார். நன்னடத்தைக்கு இவ்வளவு நாள், சிறையில் வேலை பார்த்ததற்கு இவ்வளவு நாள் என்று அப்புறம் கழித்துக்கொண்டே வருவார்கள். இதில் எனக்குப் பொறுக்காத விஷயம் ஒன்று உண்டு. சிறுமிகளைத் தேடிப் போகிறவன் சிறைக்குள் சாதுவாக இருந்தான் என்பதற்கு என்ன அர்த்தம்? சிறைக்குள் சிறுமிகள் இல்லையே.

தெரிந்திருந்தால் எங்கள் பெண்ணை அந்தப் பக்கமே விட்டிருக்க மாட்டோம் என்று மேகனின் அப்பா அம்மா கையெழுத்து வேட்டையில் இறங்கினார்கள். இப்படிப்பட்டவர் குடிவந்தால் அக்கம்பக்கத்தாருக்குச் சொல்லியாக வேண்டும் என்று சுமார் மூன்று மாதத்தில் நியூ ஜெர்சியில் சட்டம் வந்தது. 1996 மே மாதம் கிளின்டன் கையெழுத்தில் அது நாடு முழுவதற்கும் ஆனது. மேகன் சட்டம் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். கொலைகாரனுக்கு 1997-இல் மரண தண்டனை விதித்தார்கள். 2007-இல் மாநிலம் மரண தண்டனையையே எடுத்துவிட்டதால் அது பரோல் கிடையாத ஆயுள் தண்டனையாக மாறியது. அவன் இருந்த வீட்டை இடித்துவிட்டு அந்த இடத்தில் சின்னப் பூங்கா ஒன்றை அமைத்திருக்கிறார்கள்.

சிறைக் கணக்கும் மாறிவிட்டது. 1997-லிருந்து கடுமையான வன்முறைக் குற்றங்களுக்குத் தண்டனையில் 85 சதவீதத்தை உள்ளே கழித்தே ஆகவேண்டும். தண்டனை முடிந்த பிறகும் ஆபத்தானவர் என்று நீதிமன்றத்தில் நிரூபித்தால் சிகிச்சைக் காவலில் வைக்க 1998-இல் தனிச் சட்டம் வந்தது. வெளியே வருகிறவர்களில் பலருக்கு ஆயுள் முழுக்கக் கண்காணிப்பு உண்டு. ஆனால் தண்டனையை முடித்த எல்லோரையும் உள்ளேயே வைத்திருக்க முடியாது. அந்த இடைவெளிக்குத்தான் இந்தத் தாள்.

தாளில் 'டியர் த்ரீ' என்று இருக்கும், அதாவது மூன்றாம் நிலை. பழைய குற்றம், பாதிக்கப்பட்டவரின் வயது, சிகிச்சைக்கு ஒத்துழைத்தாரா என்பது போன்ற 13 அம்சங்களுக்கு மதிப்பெண் போட்டு அரசுத் தரப்பு வழக்கறிஞர் அலுவலகம் நிலையை முடிவு செய்கிறது. அதை எதிர்த்து நீதிபதியிடம் போக அந்த ஆளுக்கும் உரிமை உண்டு. முதல் நிலை என்றால் போலீசுக்கு மட்டும் தெரியும். இரண்டாம் நிலை என்றால் பள்ளி, டே கேர், கோடை முகாம் போன்ற இடங்களுக்குச் சொல்வார்கள். மூன்றாம் நிலைக்குத்தான் வீடு வீடாக வருவார்கள். மாநில போலீஸ் இணையதளத்தில் இருப்பவர்கள் மூன்றாம் நிலையும் இரண்டாம் நிலையில் ஒரு பகுதியும்தான். அதனால் அங்கே தேடிப் பார்த்துவிட்டு 'நம்ம ஏரியா சுத்தம்' என்று நிம்மதியாகிவிட வேண்டாம்.

இப்போது வாட்ஸ்அப்புக்கு வருகிறேன். அந்தத் தாள் உங்கள் வீட்டில் இருப்பவர்களுக்காகக் கொடுத்தது. வெளியே பரப்பக்கூடாது என்பது விதி. தோழிகளுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றினால், மாநில போலீஸ் இணையதளத்தில் உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுப் பாருங்கள் என்று சொல்லுங்கள், போதும். விதிக்கு ஒரு காரணமும் உண்டு. சட்டம் வந்த சில மாதத்திலேயே, 1995 ஜனவரியில், ஃபிலிப்ஸ்பர்க்கில் இரண்டு பேர் ஒரு வீட்டை உடைத்துப் போய் ஆளை அடித்தார்கள். அடி வாங்கியவர் சம்பந்தமே இல்லாத வேறொருவர். இந்தத் தகவலை வைத்து யாரையாவது தாக்கினாலோ மிரட்டினாலோ அது தனிக் குற்றம். அவரைக் காலி செய்ய வைக்கலாமா என்று கணவர் யோசித்தால் அதற்கும் பெரிதாக வழியில்லை. பள்ளிக்கு இத்தனை அடிக்குள் குடியிருக்கக்கூடாது என்று ஊர்கள் போட்ட தடையை நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் 2009-இல் செல்லாது என்றுவிட்டது.

அவர் குழந்தைகளை நெருங்கிப் பேசுவதைப் பார்த்தாலோ, குழந்தைகள் வரும் அமைப்பு எதிலாவது வேலைக்கோ தொண்டுக்கோ சேர்ந்திருப்பது தெரிந்தாலோ தாளில் இருக்கும் போலீஸ் எண்ணைக் கூப்பிடுங்கள். அவசரம் என்றால் 911.

அம்மா விஷயம். ஆங்கிலம் தெரியாவிட்டால் என்ன, படம் இருக்கிறதே. முகத்தையும் காரையும் காட்டி, பஸ் வந்து பிள்ளை ஏறி உட்காரும்வரை நின்று பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். மாலையில் யார் அழைத்துவருவது என்பதையும் பேசிவிடுங்கள். பயந்துவிடுவாரோ என்று மறைத்தால், தினமும் அங்கே நிற்கும் ஒரே பெரியவருக்கு மட்டும் விஷயம் தெரியாமல் போகும்.

மகளிடம் 'தெரியாத ஆள்கிட்ட பேசாதே' என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள். மேகனைக் கூப்பிட்டவன் தெரியாத ஆள் இல்லை, எதிர்ப்பக்கத்து வீட்டுக்காரன். நம் வீடுகளில் இன்னொரு சிக்கல். கண்ணில் படுகிற பெரியவர் எல்லோரையும் 'அங்கிள்' என்கிறோம். அங்கிள் கூப்பிட்டால் போகவேண்டும், கொடுத்தால் வாங்கவேண்டும், தேங்க்யூ சொல்லவேண்டும் என்று பழக்குகிறோம். அதன் மேல் ஒரே ஒரு விதியைப் போடுங்கள்: கேட்டுவிட்டுத்தான் போகவேண்டும். நாய்க்குட்டி பார்க்க, பந்தை எடுக்க, சித்தப்பாவோடு கடைக்குப் போக, எதுவானாலும் முதலில் வீட்டுக்கு வந்து அம்மாவிடமோ பாட்டியிடமோ கேட்கவேண்டும். இதை இன்று சாயங்காலமே நடித்துப் பாருங்கள். கணவர் வாசலில் நின்று 'வா, நாய்க்குட்டி காட்டுறேன்' என்று கூப்பிடட்டும், மகள் திரும்பி ஓடிவந்து உங்களிடம் கேட்கட்டும். நாலைந்து தடவை செய்தால் விளையாட்டாகவே பதிந்துவிடும். குற்றத்தின் விவரம் அவளுக்கு வேண்டாம், 'அந்த வீட்டுக்குப் போகக்கூடாது' என்பது போதும்.

சித்தப்பாவைச் சும்மா இழுக்கவில்லை. பாலியல் கொடுமைக்கு ஆளாகும் பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் செய்தவரை ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. உறவு, நண்பர், பயிற்சியாளர் என்று அவர்களில் பலர் எந்தப் பட்டியலிலும் கிடையாது. மேகன் சட்டத்தால் மறு குற்றங்கள் குறைந்தனவா என்று நியூ ஜெர்சி சிறைத்துறை ஆய்வாளர்களே ஆராய்ந்து 2008-இல் அறிக்கை கொடுத்தார்கள். குறைந்ததாகத் தெரியவில்லை என்பதுதான் முடிவு. சட்டமே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். தாளில் ஒரு முகம் இருக்கிறது என்பதற்காக மற்ற முகங்களைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள்.

வீடு மாற்றுவது உங்கள் விருப்பம். ஆனால் போகிற இடத்திலும் முதல், இரண்டாம் நிலைக்காரர்கள் இருக்கலாம், அங்கே யாரும் வந்து கதவைத் தட்டமாட்டார்கள். லீஸ் முடியக் கொஞ்ச மாதம்தான் இருக்கிறது, வேறு காரணங்களும் இருக்கின்றன என்றால் மாறுங்கள். அபராதம் கட்டி லீஸை உடைத்துக்கொண்டு ஓடும் அவசரம் எனக்குத் தெரியவில்லை.

ஒரு எண்ணை மட்டும் ஃப்ரிட்ஜில் ஒட்டிவையுங்கள்: 1-877-652-2873. நியூ ஜெர்சியின் குழந்தைக் கொடுமைப் புகார் எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள். இந்த மாநிலத்தில் ஒரு குழந்தை கொடுமைக்கு ஆளாகிறது என்று நியாயமான சந்தேகம் வந்தால் புகார் செய்வது டாக்டர், ஆசிரியர் மட்டுமல்ல, எல்லோருக்குமே சட்டக் கடமை. பெயர் சொல்லாமலும் சொல்லலாம். பக்கத்துத் தெருக்காரரைப் பற்றி மட்டும் என்று நினைத்து ஒட்டாதீர்கள்.