44நெட் கேட்வேயின் ரூட்டிங் டேபிளுக்குத் தனி நகல் தேவையா?

44நெட் என்பது ஹாம் (அமெச்சூர்) ரேடியோக்காரர்களுக்கான, 44-இல் தொடங்கும் ஐபி முகவரிகளில் ஓடும் நெட்வொர்க். அதோடு வீட்டை இணைக்கும் கணினிதான் கேட்வே; எந்த முகவரிக்கு எந்த வழி என்று அது வைத்திருக்கும் பட்டியல்தான் ரூட்டிங் டேபிள். கேள்வி இதுதான்: "வீட்டில் 44நெட் கேட்வே ஓடுகிறது. ரூட்டெல்லாம் ரிப் (வழிகளை அறிவிக்கும் நெறிமுறை) வழியாகத் தானாகவே வந்துவிடுகிறது. அப்புறம் எதற்கு டேபிளைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும்?"

கட்டாயம் எடுத்து வையுங்கள். ஐபிஐபி மெஷ்ஷில் (ஒரு ஐபி பாக்கெட்டை இன்னொன்றுக்குள் வைத்து அனுப்பும் டனல்களின் வலையில்) இருக்கும் ஹாம் கேட்வேக்கள் ஒன்றோடொன்று நேரடியாக டனல் போட்டுப் பேசுகின்றன. இங்கிருந்து ஜெர்மனி கேட்வேக்குப் போகும் பாக்கெட் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் இருக்கும் சர்வரைத் தொடவே வேண்டியதில்லை. ஆனால் எந்த சப்நெட் (முகவரித் தொகுதி) எந்தப் பொது ஐபிக்குப் பின்னால் இருக்கிறது என்ற பட்டியல் மட்டும் அந்த ஒரு சர்வரிலிருந்துதான், ரிப் வழியாக ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது. அந்த சர்வர் படுத்திருக்கும் நேரம் பார்த்து உங்கள் வீட்டில் கரண்ட் போய் வந்தால், லினக்ஸ் கர்னலின் டேபிள் காலி. எதிர்ப்பக்கத்து கேட்வேக்கள் எல்லாம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும், அவற்றுக்குப் போகும் வழிதான் உங்களிடம் இருக்காது. யாரையும் நம்பி இருக்கக் கூடாது என்று கட்டிய நெட்வொர்க்கில் இது எனக்குப் பொறுக்கவில்லை.

ரிப்பில் வரும் ரூட்டுகளை வாங்கி டேபிளில் போட நான் ஓட்டும் நிரல் ஆம்ப்பர்-ரிப்டி. அதன் 'எஸ்' ஆப்ஷனைக் கொடுத்தால், வந்த ரூட்டுகளை என்கேப் கோப்பாக டிஸ்க்கில் எழுதிவிடும். அடுத்த முறை தொடங்கும்போது அதிலிருந்தே ஏற்றிக்கொள்ளும். பாதிப் பேருக்கு இதுவே போதும்.

எனக்குப் போதாது. கேட்வேயாக ஓடும் ராஸ்பெரி பை சிறு கணினியின் எஸ்டி கார்டு எப்போது கெடும் என்று சொல்ல முடியாது. அதனால் தினமும் ஒரு கிரான் வேலை (குறித்த நேரத்தில் தானாக ஓடுவது) அந்தக் கோப்பைத் தேதி போட்டு வேறொரு கணினிக்கு அனுப்புகிறது. அனுப்புவதற்கு முன் வரிகளை எண்ணி முந்தைய நாளோடு ஒப்பிடும். சட்டென்று குறைந்திருந்தால் நல்ல நகலைத் தொடாது.

அதற்காக மிகப் பழைய நகலை அப்படியே ஏற்றிவிடாதீர்கள். நிறைய கேட்வேக்கள் மாறும் ஐபியில் இருக்கின்றன. பழைய வரியை நம்பினால் உங்கள் பாக்கெட் முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுக்குப் போகும். பழைய ஸ்கிரிப்ட் என்றால் இன்னும் கவனம் வேண்டும்: 44.0.0.0/8 முழுவதையும் (44-இல் தொடங்கும் எல்லா முகவரிகளையும்) டனலில் தள்ளும் வரி இருந்தால் எடுத்துவிடுங்கள். 44.192.0.0/10 பகுதி 2019-இல் அமேசானுக்கு விற்கப்பட்டுவிட்டது. அந்த வரி இருந்தால் அங்கே ஓடும் தளங்கள் உங்களுக்குத் திறக்காது. இப்போது நம்முடையவை 44.0.0.0/9, 44.128.0.0/10 இரண்டும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரிப் சேவையை நிறுத்தி, டேபிளைக் காலிசெய்து, நகலிலிருந்து ஏற்றிப் பாருங்கள். பிறகு தெரிந்த நண்பரின் 44 முகவரிக்குப் பிங் கொடுங்கள். பெயரை வைத்து அல்ல, எண்ணை வைத்து. அன்றைக்கு டிஎன்எஸ்ஸும் இல்லாமல் போகலாம் என்பதால் நாலைந்து முகவரிகளைக் காகிதத்தில் எழுதி ரேடியோ பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள்.