காட்டுத்தேன் நுரைத்தால் காய்ச்சலாமா?

கேள்வி: நாங்கள் ஐந்து பழங்குடிக் குடும்பங்கள் சேர்ந்து பாறைகளில் மலைத்தேன் எடுக்கிறோம். கேனில் ஊற்றி வைத்தால் சில வாரங்களில் நுரைத்துப் புளிக்கிறது. "காய்ச்சிக் கொடு, இல்லையென்றால் பாதி விலைதான்" என்கிறார் வியாபாரி. என்ன செய்வது? நாங்களே விற்கலாமா?

பதில்: காய்ச்சாதீர்கள். நுரைக்குக் காரணம் தேனில் மிஞ்சியிருக்கும் தண்ணீர். தேனீ சிறகால் விசிறி அதை வற்றவைத்து, பக்குவம் வந்ததும் மெழுகால் மூடும். மூடாத அறையில் இருப்பது பழுக்காத தேன். அதையும் சேர்த்துப் பிழிந்தால் ஈஸ்ட் பெருகிப் புளித்துவிடும். மலைத்தேனீயின் அடையில் மேல் மூலையில்தான் தேன் இருக்கும், கீழே புழு. மூடிய தேன் பகுதியை மட்டும் அறுத்தெடுங்கள். கையால் பிழியாமல், மூடியைக் கத்தியால் சீவித் துணியில் வடியவிடுங்கள். புழு நசுங்கிக் கலந்தால் சீக்கிரம் கெடும். பழைய பெயிண்ட் டப்பா வேண்டவே வேண்டாம். எவர்சில்வர் பாத்திரத்தில் காற்றுப் புகாமல் மூடி வையுங்கள்.

ஐந்து குடும்பமும் சேர்ந்து தேனுக்கான ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று வாங்குங்கள். ஒரு சொட்டு விட்டால் ஈரப்பதம் தெரியும். 20 சதவீதத்தைத் தாண்டினால் தேனை அகலத் தட்டுகளில் மெல்லியதாகப் பரப்பி, மூடிய அறையில் ஈரம் உறிஞ்சும் கருவியை ஓடவிடுங்கள்.

உணவுச் சட்டம் இப்போது வைத்திருக்கும் இந்த 20 சதவீத உச்சவரம்பு எனக்கு ஆறாத வருத்தம். முன்பு அதே சட்டம் 25 வரை அனுமதித்தது. மலைத்தேனில் இயல்பாகவே ஈரம் அதிகம் என்று தெரிந்தும், பெட்டித்தேனுக்கும் அதற்கும் ஒரே அளவுகோல் வைத்துவிட்டார்கள். "காட்டுத்தேனுக்கு விலக்கு உண்டு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விலக்கு இருப்பது கார்வி என்ற மலைப்புதர்ச் செடியின் பூத்தேனுக்கும் பூச்சிகள் சுரக்கும் இனிப்பிலிருந்து வரும் தேனுக்கும். அதுவும் சர்க்கரை அளவில்தான்: மற்ற தேனில் சுக்ரோஸ் 5 சதவீதம் வரை, இவற்றில் 10 வரை. ஈரப்பதத்துக்கு அதில் சலுகை இல்லை. கார்வியும் குறிஞ்சியும் ஒரே பேரினச் செடிகள்தானே என்று கேட்பார்கள். விதியில் கார்வியின் பெயர்தான் இருக்கிறது, குறிஞ்சியின் பெயர் இல்லை.

சரி, வியாபாரி ஏன் காய்ச்சச் சொல்கிறார்? சூட்டில் ஈஸ்ட் செத்து நுரை அடங்கும். ஆனால் தேனைச் சூடாக்கச் சூடாக்க ஹெச்.எம்.எஃப் என்ற பொருள் கூடும். கிலோவுக்கு 80 மில்லிகிராமைத் தாண்டினால் ஆய்வகத்தில் தேறாது. காய்ச்சச் சொன்னவரே அப்புறம் "டெஸ்ட்டில் போய்விட்டது" என்று விலையை இறக்கியதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

அதைவிடப் பெரிய கொள்ளை அளவையில் நடக்கிறது. ஒரு லிட்டர் தேன் ஏறக்குறைய 1.4 கிலோ எடை. 20 லிட்டர் கேனில் 28 கிலோ இருக்கும். அதை 20 கிலோ என்று கணக்குப் போட்டுக் காசு தருபவருக்கு நீங்கள் 8 கிலோவைச் சும்மா கொடுக்கிறீர்கள். தராசு இல்லாமல் ஒரு கேனும் கைமாறக் கூடாது. சீசனுக்கு முன்பே முன்பணம் வாங்கிவிட்டால் தராசு பற்றிப் பேசவே வாய் வராது, அதனால் முன்பணமும் வேண்டாம். தண்ணீரில் சொட்டு விட்டு, தீக்குச்சியைத் தோய்த்துக் கொளுத்தி "கலப்படம்" என்பாரையும் கேட்காதீர்கள். ஈரம் அதிகமான நல்ல தேன் அதில் தோற்கும், கெட்டிச் சர்க்கரைப் பாகு ஜெயிக்கும்.

நீங்களே விற்கலாம். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி தேனும் மெழுகும் சிறு வனப் பொருட்கள். உரிமை பெற்றவர்கள் அவற்றைச் சேகரித்து, பக்குவப்படுத்தி, வெளியே கொண்டுபோய் விற்கலாம், கட்டணம் கிடையாது. கொண்டுசெல்லும் சீட்டைக் கிராம சபை அமைத்த குழுவே தரலாம் என்று 2012-இல் விதியைத் திருத்தினார்கள். இத்தனை வருடம் கழித்தும் சோதனைச் சாவடியில் அந்தச் சீட்டைப் புரட்டிப் பார்த்து முழிக்கிறார்கள். விதியின் நகலைக் கையோடு வைத்திருங்கள். "பர்மிட் என்னிடம்தான் இருக்கிறது" என்று சொல்லும் தரகரிடம் போக வேண்டாம்.

பாட்டிலில் அடைத்து விற்க உணவுப் பாதுகாப்புத் துறையில் சிறு வியாபாரிக்கான பதிவு எடுக்க வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தரக்கூடாது என்பதை லேபிளில் தெளிவாக எழுதுங்கள். இப்போது புளித்துப்போன கேன்களைத் தனியே ஒதுக்குங்கள். நல்ல தேனோடு ஒரு கரண்டி கூடக் கலக்க வேண்டாம்.