பன்னிரண்டு நாளில் ஒரு பள்ளிக்கூடமா?

கேள்வி: எனக்கு வயது 25. பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். எங்கள் சபை வாலிபர் குழுவிலிருந்து 14 பேர், மே மாதம் ஜார்க்கண்டில் ராஜ்மகால் மலையிலுள்ள ஒரு கிராமத்துக்கு மிஷன் பயணம் போகிறோம். அங்குள்ள பஹாடியா பழங்குடிப் பிள்ளைகளுக்கு இரண்டு அறையில் ஒரு பள்ளிக்கூடம் கட்ட உதவுவதாகத் திட்டம். மொத்தம் 12 நாள், தலைக்கு 15,000 ரூபாய். கட்டடத்துக்கான பணம் தனி. அது அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருட்களை ஏலம் விட்டதில் சேர்ந்தது. நானும் பெயர் கொடுத்துவிட்டேன். கொச்சியில் சைட் இன்ஜினியராக இருக்கும் அண்ணன், "அந்த ஊர்ப் பையன்கள்தான் என் சைட்டில் கல் தூக்குகிறார்கள். அவன் இங்கே வந்து கட்ட, நீ அங்கே போய்க் கட்டப் போறியா?" என்று சிரிக்கிறான். அப்பாவுக்குப் பாதுகாப்பு பற்றிய பயம். குழுவில் நான் செலவு விவரம் கேட்டபோது, "ஊழியத்தில் கணக்குப் பார்ப்பது விசுவாசக் குறைவு" என்று ஒரு பெரியவர் சொல்லிவிட்டார். போகவா, பெயரை எடுத்துவிடவா?
- பெயர் வேண்டாம், பாளையங்கோட்டை

பதில்: முதலில் அந்தப் பெரியவர் சொன்னதை ஓரமாக வைத்துவிடுவோம். கோபுரம் கட்ட மனதாயிருக்கிறவன் முதலில் உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப் பார்க்கமாட்டானோ என்று லூக்கா 14-ஆம் அதிகாரத்தில் இயேசுவே கேட்கிறார். கட்டட வேலையை வைத்தே சொன்ன வார்த்தை. சபையில் இருப்பதே ஒரு கணக்கு டீச்சர். நீங்கள் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது?

ஆகவே பார்ப்போம். ஹவுரா வரை ரயிலில் இரண்டு இரவு. அங்கிருந்து சாகிப்கஞ்ச் லூப் லைனில் பாகூர் அல்லது பர்ஹர்வா. அதன்பின் ஜீப், கடைசியில் ஏற்றத்தில் நடை. போக மூன்று நாள், வர மூன்று நாள், நடுவே ஒரு ஞாயிறு. உங்கள் கையில் மிஞ்சுவது ஐந்து நாள். கரண்டி பிடித்துப் பழக்கமில்லாத 14 பேர், நாற்பது டிகிரி வெயிலில், ஐந்து நாளில் செய்யக்கூடியது சித்தாள் வேலை மட்டும்தான்: மணல் சலிப்பது, செங்கல் கைமாற்றுவது, சாந்துச் சட்டி தூக்குவது. கொத்தனார் வேலையில் கைவைத்தால் அவர் தூக்குக்குண்டு போட்டுப் பார்த்துவிட்டு, நீங்கள் தூங்கப் போன பிறகு பிரித்துத்தான் கட்டுவார். வந்தவர்கள் மனம் நோகக் கூடாது என்று வாய் திறக்கவும் மாட்டார்.

அந்தச் சித்தாள் வேலைக்கு அங்கே ஆள் இல்லையா என்றால், உங்கள் அண்ணன் சொன்னதற்குத்தான் வருகிறோம். அவர் சிரித்திருக்க வேண்டாம். ஆனால் அவர் கண்ணால் பார்ப்பதைத்தான் சொல்கிறார். ராஜ்மகால் மலை அடங்கிய சந்தால் பர்கனா வட்டாரத்திலிருந்து கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் கட்டட வேலைக்கு வருகிறவர்கள் ஏராளம். லடாக்கில் எல்லைச் சாலை போடுகிறவர்களில் அதே வட்டாரத்துத் தும்கா மாவட்டத்து ஆட்கள் கணிசமாக இருக்கிறார்கள். உலகத்துக்கே கட்டிக் கொடுக்கத் தெரிந்தவர்களின் ஊருக்கு, செங்கல் பிடிக்கத் தெரியாத நாம் போய்க் கட்டிக் கொடுக்கிறோம். உங்கள் பயணச் செலவு மொத்தம் 2,10,000 ரூபாய். அந்தப் பணம் கூலியாக ஊருக்குள் இறங்கினால், இந்த ஒரு சீசனாவது சிலர் கொச்சிக்கு ரயில் ஏறாமல் தங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைத் தாங்களே கட்டுவார்கள்.

தண்ணீர்ப் பிரச்சினையை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த மலையில் பெரும்பாலும் பள்ளத்தாக்கில் சந்தால்கள் என்ற இன்னொரு பழங்குடியினர் குடியிருக்கிறார்கள், மேலே பஹாடியாக்கள். மேலே உள்ள ஊர்களுக்குத் தண்ணீர் ஊற்றிலிருந்து பெண்களின் தலையில்தான் ஏறி வரும். மே மாதம் ஊற்று மெலியும் காலம். 14 விருந்தாளிகள் குடிக்க, குளிக்க, துவைக்க ஒரு பங்கு போகும். காங்கிரீட்டுக்குக் குறைந்தது ஏழு நாள், கடும் வெயிலில் பத்து நாள் ஈரம் காக்க வேண்டும். அண்ணனைக் கேளுங்கள், சொல்வார். அதாவது நீங்கள் ஊர் வந்து சேர்ந்து, ஆலயத்தில் சாட்சி சொல்லி முடித்த பிறகும், அங்கே ஒருத்தி அந்தச் சுவருக்காகக் குடம் சுமந்துகொண்டிருப்பாள்.

இன்னொருத்தியும் இருக்கிறார். அங்கே ஊழியம் செய்யும் மிஷனெரி நம்ம ஊர்க்காரர் என்றால், அவர் மனைவிதான் உங்களுக்குச் சமைக்கப் போகிறவர். 14 பேருக்கு மூன்று வேளை. அதில் நாலு பேர் சோறு இல்லையா என்பார்கள், இரண்டு பேருக்கு வயிறு சரியிருக்காது. "வராதீர்கள்" என்று எந்த மிஷனெரியும் தாங்குகிற சபைக்குக் கடிதம் எழுத மாட்டார். எனவே அந்த அம்மாவிடம் தனியாகப் போனில் பேசுங்கள். "அக்கா, நிஜமாகச் சொல்லுங்கள், நாங்கள் வருவது உதவியா?" என்று கேட்டுப் பாருங்கள்.

இனி கட்டடம். அது எந்த நிலத்தில் எழும்புகிறது என்று விசாரித்தீர்களா? அந்த வட்டாரத்தில் 1949-ஆம் ஆண்டின் சந்தால் பர்கனா குத்தகைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. பழங்குடியினர் நிலம் வெளியார் கைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக வந்தது. ஊர்க்காரர் ஒருவர் ஆசையாக "என் நிலத்தைச் சபைக்குத் தருகிறேன்" என்றாலும் நம்மூர் மாதிரி பத்திரம் எழுதிவிட முடியாது. நாளைக்கு அவர் மகன் வந்து கேட்டால் கட்டடத்துக்குப் பதில் சொல்ல ஆளிருக்காது. நல்ல சட்டம்தான்; அதை அறியாமல் அஸ்திபாரம் தோண்டுவதுதான் தவறு.

அடுத்தது அங்கீகாரம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தக் கூடாது. சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு 2014-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்திலிருந்து விலக்கு அளித்தது உண்மை. அதற்காக அங்கீகாரமே தேவையில்லை என்று ஆகிவிடாது. பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடித்துக் கீழே உள்ள பெரிய பள்ளிக்குப் போகும்போது டி.சி. யார் கொடுப்பார்? ஒருவேளை குழு கட்டப்போவது பள்ளி முடிந்து மாலையில் படிப்பதற்கான கூடம்தானோ என்னவோ. அப்படியென்றால் அப்படியே சொல்லிவிடட்டும். பெயர்ப் பலகையில் பள்ளிக்கூடம் என்று எழுதினால் ஏலத்தில் தேங்காய் கூடுதல் விலைக்குப் போகும் என்பது எனக்கும் தெரியும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கேள்வி: ஜூன் மாதம் அந்த அறைக்குள் நின்று பாடம் நடத்தப் போவது யார், அவருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? ஜார்க்கண்டில் கட்டடம் இருந்தும் ஆசிரியர் இல்லாத அவதி பழையது. ஒரே ஆசிரியரோடு ஓடும் தொடக்கப் பள்ளிகள் அங்கே நிறைய. பிள்ளைகள் குறைவு என்று ஆயிரக்கணக்கான அரசுப் பள்ளிகளை அந்த மாநிலம் பக்கத்துப் பள்ளிகளோடு இணைத்தது. மலையில் 'பக்கம்' என்பது எவ்வளவு தூரம் என்று பஹாடியாப் பிள்ளைகளின் கால்களுக்குத் தெரியும். வீட்டில் பஹாடியாக்களின் மொழியான மால்தோ பேசும் பிள்ளை, பள்ளியில் இந்தியில் எழுதப்பட்ட புத்தகத்தின் முன் உட்காருகிறது. மால்தோ தெரிந்த ஓர் இளம் ஆசிரியர் கிடைத்தால் மரத்தடியில்கூட அந்தப் பிள்ளை எழுத்துக் கூட்டிவிடும். மாதம் பத்தாயிரம் என்று வைத்தால் உங்கள் குழுவின் பயணச் செலவில் அப்படி ஒருவருக்கு 21 மாதச் சம்பளம் கொடுக்கலாம். (மால்தோவும் திராவிட மொழிதான். கால்டுவெல் தம் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் 'ராஜ்மகால்' என்று குறிப்பிடுவது இந்த மலைக்காரர்களின் பேச்சைத்தான். போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று கேட்டுப் பாருங்கள்.)

கால்டுவெல் பெயர் வந்ததால் சொல்கிறேன். அவர் 1841-இல் இடையன்குடிக்கு வந்தார். அந்த ஊர் ஆலயம் பிரதிஷ்டையானது 1880-இல். நீங்கள் தினமும் பஸ்ஸில் கடந்து போகிற பாளையங்கோட்டையில், 1890-இல் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றவர்களுக்காகத் தொடங்கியதும், அதே காலத்தையொட்டி சுவெய்ன்சன் அம்மையார் காது கேளாதவர்களுக்காகத் தொடங்கியதும் இன்றும் நடக்கின்றன. 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கி, இங்கிருந்து இன்றைய தெலங்கானாவில் உள்ள டோர்னக்கல் பக்கம் அனுப்பப்பட்டவர்கள் அங்கேயே குடியிருந்து தெலுங்கில் ஊழியம் செய்தார்கள். அந்தக் காலத்து மிஷனெரிகளிடம் குறை சொல்லவும் எவ்வளவோ இருக்கிறது. இருந்தாலும் அவர்கள் வந்த வேலை முடிவதற்குள் திரும்பு டிக்கெட்டை எடுத்துப் பார்க்கவில்லை. நம் குழுக்கள் மிஷன் என்ற பெயரை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டன, நாட்களை உல்லாசப் பயணத்திலிருந்து எடுத்துக்கொண்டன.

கடுமையாகச் சொல்கிறேனோ? போவதே வீண் என்று நான் நினைக்கவில்லை. கைப்பிடி அரிசியும் காணிக்கையும் போட்டு ஊழியத்தைத் தாங்குகிற ஒரு சபையில் சிலராவது அந்த இடத்தைக் கண்ணால் பார்த்திருப்பது நல்லது. பார்த்தவர்கள் பத்து வருடம் கழித்தும் கொடுப்பார்கள். ஆனால் அது பார்த்துப் படிக்கிற பயணம். அதனால் லாபம் முதலில் உங்களுக்கு. அப்படியே பெயர் வைத்து, அவரவர் கைக்காசில், நாலைந்து பேராகப் போங்கள். செங்கல்லை அதற்குச் சாக்காக்க வேண்டாம்.

ஆகவே உங்களுக்கு என் பதில்: மே மாதக் கட்டடப் பயணத்திலிருந்து பெயரை எடுத்துவிடுங்கள். எடுக்கும்போது சும்மா எடுக்காதீர்கள். உங்கள் 15,000 ரூபாயை ஆசிரியர் சம்பளத்துக்கென்று எழுதிக் கொடுத்து, நிலம், அங்கீகாரம், சம்பளம் மூன்றுக்கும் விவரம் கேட்டு உங்கள் சபைப் போதகரான ஐயருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். குழுவில் எல்லார் முன்னாலும் கேட்டால் அந்தப் பெரியவருக்கு மறுபடி ரோஷம் வரும். ஐயர் கையில் காகிதமாக இருந்தால் சேகரக் கமிட்டியில் வைத்தே ஆக வேண்டும். விவரம் திருப்தியாக வந்து, ஊர்க்காரர்களே கட்டத் தொடங்கினார்கள் என்றால், ஜனவரி, பிப்ரவரியில், பள்ளி நடக்கும் சமயத்தில், நீங்களும் இன்னொரு டீச்சருமாகப் போங்கள். அதற்குள் ஓரளவு இந்தி பேசக் கற்றுக்கொள்ளுங்கள். அங்குள்ள ஆசிரியரின் வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, கழித்தலில் கடன் வாங்குவதை அவர் எப்படி நடத்துகிறார், பிள்ளைகள் எந்த இடத்தில் தடுக்குகிறார்கள் என்று பேசுங்கள். அது உங்கள் தொழில். அதற்கு அங்கே நிஜமாகவே ஆள் தேவை.

இதைவிட எனக்குப் பிடித்த யோசனை ஒன்று உண்டு. அந்த ஊர் ஆசிரியர் இரண்டு பேரை ஒரு மாதம் பாளையங்கோட்டைக்கு அழைத்தால் என்ன? இவ்வளவு பள்ளிக்கூடங்கள் உள்ள ஊர். உங்கள் வகுப்பில் ஒரு வாரம், இன்னொரு பள்ளியில் ஒரு வாரம் என்று இருந்து பார்க்கட்டும். 14 பேர் போகிற செலவில் கால் பங்குகூட ஆகாது. மிஷன் பயணம் வடக்கு நோக்கித்தான் போக வேண்டும் என்று எங்கும் எழுதியில்லையே.

அப்பாவின் பயம் அர்த்தமுள்ளது. ஜார்க்கண்டில் 2017 முதல் மதச் சுதந்திரச் சட்டம் இருக்கிறது. பலவந்தத்தாலோ ஆசை காட்டியோ ஏமாற்றியோ மதம் மாற்றினால் சிறை. பெண்கள், சிறுவர்கள், பழங்குடியினர் சம்பந்தப்பட்டால் நான்கு ஆண்டு வரை. அந்தச் சட்டத்தைப் பற்றி உங்களுக்கும் எனக்கும் என்ன கருத்து என்பது வேறு விஷயம். நோட்டுப் புத்தகமும் மிட்டாயும் ஒரு கையில், சுவிசேஷக் கைப்பிரதி மறு கையில் என்று 14 பேர் ஒரு பழங்குடி கிராமத்தில் இறங்கினால் அதை ஒரு போலீஸ் அதிகாரி எப்படி எழுதுவார் என்று யோசியுங்கள். நீங்கள் ரயில் ஏறிவிடுவீர்கள், வழக்கு அங்கே இருக்கிறவர் தலையில் விழும். போகிறவர்கள் கட்டட வேலை என்றால் கட்டட வேலையோடு நிற்கட்டும். பிள்ளைகளை நிறுத்திப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போடுவதையும் விட்டுவிடட்டும்.

போகிறவர்களிடம் இதை மட்டும் சொல்லிவிடுங்கள்; பிறகு நீங்கள் போனால் நீங்களும் மறக்காதீர்கள். அங்கே மலேரியா உண்டு, மூளையைத் தாக்கக்கூடிய வகையும் உண்டு. சாகிப்கஞ்ச், பாகூர், தும்கா, கோட்டா ஆகிய நான்கும் ஜார்க்கண்டில் காலா அசார் என்ற காய்ச்சல் நோய் இருக்கும் மாவட்டங்கள். மண் சுவர் விரிசலில் தங்கும் மணல் ஈ கடித்துப் பரவுவது அது. ஆளுக்கொரு கொசுவலை கட்டாயம். மலேரியாவுக்கு முன்கூட்டியே சாப்பிடும் மாத்திரை பற்றி டாக்டரிடம் கேட்க வேண்டும். ஊர் திரும்பிய பிறகு, மாதங்கள் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் சரி, பாராசிட்டமால் போட்டுப் படுத்துவிடாமல் ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போய், ஜார்க்கண்ட் மலையில் தங்கியிருந்தேன் என்று முதல் வாக்கியத்திலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். நம்மூரில் டெங்குவைத்தான் முதலில் நினைப்பார்கள்.