இரண்டு தண்ணீர்தான் தேறும்: கோதுமைக்கு எப்போது பாய்ச்சுவது?

கேள்வி: பழனி மலையில் கவுஞ்சிப் பக்கம் அரை ஏக்கர் சம்பா கோதுமை போட்டிருக்கிறேன். விதைத்து 55 நாள். மழை நின்று இரண்டு வாரம் ஆகிறது, மதியத்தில் இலை சுருள்கிறது. குட்டையில் இரண்டு முறை பாய்ச்சத்தான் தண்ணீர் உண்டு. இப்போதே விடலாமா? அடுத்த வருடம் குட்டை ரகத்துக்கு மாறினால் வறட்சி தாங்குமா?

பதில்: இன்றைக்கு அவசரப்பட வேண்டாம் ஐயா. நாளைக் காலை வெயில் ஏறுமுன் வயலுக்குப் போய்ப் பாருங்கள். இலை விரிந்திருந்தால் பயிர் தாக்குப்பிடிக்கிறது. மதியச் சுருளல் அது ஈரத்தைக் காத்துக்கொள்ளும் வழி. காலையிலும் சுருண்டே கிடந்தால் உடனே ஒரு தண்ணீர் கொடுத்துவிடுங்கள்.

கோதுமையில் முதலில் தூர் (அடியில் கிளைக்கும் தண்டுகள்), அப்புறம் கதிருக்கு எத்தனை மணி, கடைசியாக மணியின் எடை என்று விளைச்சல் முடிவாகிறது. முதல் தண்ணீருக்கான கட்டம் 21 நாள் வாக்கில் கிரீட வேர் (தண்டின் அடியிலிருந்து கிளம்பும் வேர்) விடும்போது; அதை உங்களுக்கு மழையே பார்த்துக்கொண்டது. இப்போது வயல் காய்ந்தால் இரண்டு மூன்று தூர் போகும், நிற்கிற கதிர்கள் அதில் கொஞ்சம் ஈடுகட்டும். கதிர் தொண்டையில், அதாவது வெளிவராமல் மேல் இலையின் உறைக்குள், இருக்கும்போது காய்ந்தால் அப்படி இல்லை. மகரந்தம் உருவாவது அப்போதுதான். அந்தச் சில நாள் காய்ந்தால் மகரந்தம் மலடாகி, கதிர் பார்க்க நன்றாக வந்தாலும் உள்ளே பாதி பொக்காக இருக்கும். பிறகு எவ்வளவு பாய்ச்சினாலும் மணி எண்ணிக்கை கூடாது.

நாள் கணக்கை நம்பாதீர்கள். மலைக் குளிரில் பயிர் மெதுவாக நகரும், சமவெளி அட்டவணை இங்கே ஒத்துவராது. ஒரு தண்டைப் பிடுங்கி பிளேடால் நீளவாக்கில் பிளந்து, குட்டிக் கதிர் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். கண்ணாடி இலை (கதிருக்கு முன் வரும் கடைசி இலை) முழுதாக விரிந்து, அதன் கீழே தண்டு புடைக்கத் தொடங்கினால் முதல் தண்ணீர். அன்றிரவு உறைபனி விழும் போலிருந்தால் பகலிலேயே பாய்ச்சுங்கள்; ஈரமண் பகல் சூட்டைப் பிடித்துவைத்து இரவில் கொஞ்சம் கொஞ்சமாக விடும். இரண்டாவது, மணியை நகத்தால் அழுத்தினால் பால் வரும்போது. சம்பா நெட்டைப் பயிர், காற்று வீசும் நாளில் பாய்ச்சினால் சாய்ந்துவிடும். வறண்ட மண்ணில் யூரியா போடவே வேண்டாம்.

ரகத்துக்கு வருவோம். குட்டை என்பதாலேயே வறட்சி தாங்கும் என்றில்லை. பெரும்பாலான குட்டை ரகங்களில் முளையை மண்ணைத் துளைத்து மேலே கொண்டுவரும் குருத்து உறையும் குட்டை. மேல்மண் காய்ந்து, ஈரம் தேடி மூன்று அங்குலத்துக்குக் கீழே விதைத்தால் பல விதைகள் மேலே வராது. நெட்டை ரகங்கள் பொதுவாக இதில் தேவலை. தண்ணீர் இருக்கும் வருடத்தில் குட்டைதான் சாயாமல் நின்று கூடுதல் மணி தரும். சம்பா வகையிலேயே குட்டையாக நீலகிரி கப்லி என்ற ரகம் இருக்கிறது. வெலிங்டனில் உள்ள கோதுமை ஆராய்ச்சி நிலையத்தில் விதை பற்றிக் கேளுங்கள். துரு நோய் தாங்குமா என்றும் சேர்த்துக் கேளுங்கள், நம் மலைகளில் அந்தப் பூஞ்சை வருடம் முழுக்க உயிரோடு இருக்கும். முதல் வருடம் ஐந்து சென்ட்டில் மட்டும், உங்கள் பழைய விதைக்குப் பக்கத்திலேயே போட்டுப் பாருங்கள்.